மேகம் வரைந்த புகைப்படக்காரர்
ஊரும் வரலாறும் – லின்னேயஸ் ட்ரைப் (1822–1902)



வீட்டுக்கு முன்பணம் கட்டிய நாளில் உங்கள் கையில் ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். பத்திரமாக வைத்திருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பளிச்சென்ற நீல வானம், நாலு வெள்ளை மேகம், வாசலில் வரிசையாகப் பனைமரம், ஒரு கார்கூட நிற்காத அகலமான பாதை. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுப் படித்தாலும் தெரியாத எழுத்தில், இது ஓவியரின் கற்பனை என்று ஒரு வரி இருக்கும். வாடகைக்கு வந்தவர்கள் எதிர்வீட்டில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

இப்போது இந்த வேலைக்கு ஓவியரே தேவையில்லை. கைபேசியில் எடுத்த படத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வெளிறிய வானம் மாலை வானமாகிவிடுகிறது. நம் குழுவில் வரும் பெரிய கோயில் படங்களில் எந்த வானம் அன்று இருந்தது, எது பிறகு வந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

இது புதிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1858-இல் நம் பெரிய கோயிலுக்குப் பெட்டி கேமராவோடு வந்த ஒரு ராணுவ கேப்டன், தன் படங்கள் பலவற்றில் மேகங்களைத் தூரிகையால் போட்டவர். உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய அரசாங்கமே சம்பளம் கொடுத்து அனுப்பிய மனிதர் அவர். அவரை நம்பலாமா, கூடாதா? அவருடைய கதையைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

துறைமுக ஊர்ப் பிள்ளை

லின்னேயஸ் ட்ரைப் 1822 ஏப்ரல் 14-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். கடற்படைக் கப்பல்கள் கட்டும் ஊர் அது. பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள பெரிய குடும்பம். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பையன்கள் பலருக்குப் பிழைப்புக்கான வழி கிழக்கிந்தியக் கம்பெனியாக இருந்தது. ட்ரைப்பும் பதின்ம வயதிலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து, மெட்ராஸ் படையின் 12-ஆவது காலாட்படைக்கு வந்து சேர்ந்தார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சாதாரண அதிகாரியாகவே கழிந்தன. 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் அவர் வாழ்க்கை திரும்பியது. புகைப்படம் என்ற கலை 1839-இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கிய அதே ஆண்டில் ட்ரைப் அதில் உறுப்பினரானார். 1854-இல் பெங்களூருக்குத் திரும்பியபோது கேமராவும் கூடவே வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு மெட்ராஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

அரசாங்கத்துக்கு ஏன் கேமரா?

இங்கே கொஞ்சம் நின்று பின்னணியைப் பார்த்துவிடுவோம்.

பார்த்ததை வரைந்து ஆவணமாக வைக்கும் வழக்கம் தஞ்சாவூருக்குப் புதிதில்லை. மன்னர் இரண்டாம் சரபோஜி தன் காலத்தில் செடிகொடிகளையும் பறவைகளையும் வரையச் செய்தார். கண் சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்களைக்கூட நோய்க் குறிப்போடு சேர்த்து வரையவைத்தார். அவை சரசுவதி மகால் சேகரிப்பில் இருக்கின்றன. சரபோஜி இறந்தது 1832-இல்; புகைப்படம் அறிவிக்கப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. கேமரா செய்யும் வேலையை அதுவரை ஓவியரின் கண்ணும் கையுமே செய்துவந்தன.

கம்பெனியும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. மெட்ராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி 1844-இல் அஜந்தா குகை ஓவியங்களைப் பிரதி எடுக்க அமர்த்தப்பட்டார். குகைக்குள் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய துணிகளில் வரைந்தார். ஆண்டுகள் ஓடின, செலவும் ஏறியது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் பொறுமையிழந்தார்கள். 1855-இல் அவர்கள் எடுத்த முடிவு: பழங்காலச் சின்னங்களைப் பதிவு செய்ய ஓவியர்களை நம்பியிருக்க வேண்டாம், புகைப்படத்தைப் பயன்படுத்தலாம், பிழையிருக்காது, செலவும் குறையும். (கில் அனுப்பிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டனில் ஒரு கண்காட்சிக் கட்டடத் தீயில் போய்விட்டன என்பது தனிச் சோகம்.)

ட்ரைப்புக்கு அரசு வேலை கிடைத்தது இந்தக் காற்று வீசிய நேரத்தில்தான்.

பர்மாவில் ஓவியரும் கேமராக்காரரும்

1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மா மன்னரிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். அந்தக் குழுவில் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் என்ற ஓவியரும் இருந்தார், ட்ரைப்பும் இருந்தார். ஒரே ஆற்றங்கரையில், ஒரே கோபுரங்களைப் பார்த்து ஒருவர் பென்சிலோடும் மற்றவர் கேமராவோடும் வேலை செய்தார்கள்.

பென்சில்காரருக்கு மழை நின்றால் போதும். ட்ரைப்புக்கோ வெயில் வேண்டும், காற்று அடங்க வேண்டும், காகிதம் ஈரமாகாமல் இருக்க வேண்டும், ரசாயனம் கெடாமல் இருக்க வேண்டும். போதாததற்கு உடம்பும் சரியில்லாமல் போனது. இவ்வளவுக்கும் நடுவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, 50 தொகுப்புகள் அச்சிட்டார். ஒவ்வொரு படமும் கையால் எடுக்கும் பிரிண்ட். கணக்குப் போட்டால் 6,000 பிரிண்ட் ஆகிறது.

அந்தத் தொகுப்போடு அவர் சேர்த்த குறிப்பை நாம் கவனிக்க வேண்டும். வானிலையாலும் நோயாலும் சில படங்கள் குறையோடுதான் இருக்கின்றன, ஆனாலும் எடுத்த பொருளின் முக்கியத்துவம் கருதி அவற்றைச் சேர்த்திருக்கிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். தன் படத்தின் குறையைத் தானே முன்வந்து சொல்கிற பழக்கம் அவரிடம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரசன் இல்லாத தஞ்சாவூர்

இதற்குப் பிறகு மெட்ராஸ் அரசு ட்ரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர் தென் மாவட்டங்களுக்குப் புறப்பட்டார். நாலரை மாதப் பயணம். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார்.

எந்த நேரத்தில் வந்தார் என்று பாருங்கள். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசில்லாமல் இறந்துபோனார். கம்பெனி அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1857-இல் வடக்கே பெரும் கலகம் வெடித்திருந்தது. ஆக, அரண்மனை இருந்தும் அரசன் இல்லாத ஊருக்கு, அந்த அரசை எடுத்துக்கொண்டவர்களின் சீருடையில் ட்ரைப் வந்தார். கைப்பற்றிய நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலையில் அவருடைய கேமராவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எடுத்த படங்களில் அக்கறையில்லாமல் எடுத்தது என்று ஒன்றைக் காட்டுவது கடினம்.

அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று இல்லை. பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ கேமராவும் அவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும். கண்ணாடித் தகட்டு முறை அப்போது வந்துவிட்டது. ஆனால் அதில் தகட்டை ஈரம் காயும் முன் பயன்படுத்தியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஒளி கொடுக்க வேண்டும்.

இப்படியே பெரிய விமானத்தையும் நந்தியையும் சுப்பிரமணியர் சன்னதியையும் எடுத்தார். அந்தப் பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 275 பெரிய நெகட்டிவ்களும், இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கனபரிமாணம் தெரியும் 160 இரட்டைப் படங்களும் சேர்ந்தன. 1858-லேயே அவை ஊர் ஊராகத் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் சேர்த்து ஒரு தொகுதி.

21 படம், ஒரு சுவர்

ட்ரைப் செய்ததிலேயே துணிச்சலான வேலை நம் பெரிய கோயிலில்தான் நடந்தது.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரதட்சணம் வரும்போது கையால் தடவிக்கொண்டே போகும் குழந்தைகளை அதட்டியும் இருப்பீர்கள். தான் கொடுத்ததும், தன் அக்கா கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் இந்தக் கல்லிலேயே வெட்டப்படட்டும் என்று ராஜராஜன் ஆணையிட்ட செய்தி அங்கேதான் இருக்கிறது. ஆனால் 1858-இல் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே பொதுவில் தெளிவாகத் தெரியாது. எழுத்து இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை.

ட்ரைப்புக்கும் படிக்கத் தெரியாது. அவர் செய்தது இதுதான்: சுவரிலிருந்து ஒரே தூரத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்தார்; பிறகு கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த படம்; அப்படியே 21 படங்கள். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஒட்டினால் இருபது அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் சுவர் அப்படியே விரிகிறது. நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பி எடுப்பதுதான் வழக்கமான அகலப்படம். இவர் கேமராவைச் சுவரோடு நடத்திக்கொண்டு போனார். இன்று நாம் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரமாக நடப்பதுபோல.

ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்றாகப் புரியும். தமிழ் தெரியாத ஓவியர் கல்வெட்டைப் பார்த்து வரைந்தால், தேய்ந்த எழுத்தைத் தன் மனத்துக்குத் தோன்றியபடி முடித்துவிடுவார். ஒரு கொம்பு கூடும், ஒரு கால் குறையும். தமிழ் தெரிந்தவர் வரைந்தால் வேறு ஆபத்து. அங்கே இல்லாத சொல்லையும் இருப்பதாகப் படித்து வரைவார். கேமரா எதையும் படிப்பதில்லை, அதனால் தவறாகவும் படிப்பதில்லை. தேய்ந்ததைத் தேய்ந்ததாகவே கொடுக்கும்.

கேமராவுக்கும் எல்லை உண்டு. கல்லில் வெட்டிய எழுத்து தெரிவது நிழலால்தான். வெயில் நேரே விழுந்தால் எழுத்து மறைந்துபோகும். கல்வெட்டைப் படிக்க, கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி எடுக்கும் மைப்படிதான் பிறகு நிலைத்த முறையாயிற்று. 1886-இல் ஹூல்ஷ் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்று, 1890-களில் தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சில் வந்தபோதுதான், நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவரவர் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும்கூட நமக்குத் தெரியவந்தன. அந்த எழுத்துகள் முப்பது ஆண்டுக்கு முன் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு ட்ரைப்பின் 21 படங்களும் ஒரு சாட்சி.

அப்புறம் அந்த மேகம்

அன்றைய ரசாயனத்துக்கு ஒரு குறை இருந்தது. நீல ஒளியை அது அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கோபுரத்தின் கல் நன்றாகப் பதிவாகும்வரை ஒளி கொடுத்தால், அதற்குள் வானம் முழுதும் பதிவாகி, பிரிண்டில் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் இருந்திருந்தாலும் தெரியாது. காகித நெகட்டிவில் அந்த வெள்ளையும் சீராக வராது. திட்டுத் திட்டாக அழுக்குப் பிடித்ததுபோல இருக்கும். அதனால் பலரும் நெகட்டிவின் வானப் பகுதியை அடர்ந்த மையால் மூடிவிடுவார்கள். நெகட்டிவில் கறுப்பு, பிரிண்டில் வெள்ளை. அப்போது வானம் சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது.

ட்ரைப் அதோடு நிற்கவில்லை. நெகட்டிவின் மேல் மையை மெலிதாகவும் அடர்த்தியாகவும் தீட்டினார். பிரிண்டில் அது மேகமாகத் திரண்டது. நீண்ட நேர ஒளியில் காற்றுக்கு அசைந்து கலங்கிப்போன மரக்கிளைகளுக்கும் இலைகளைத் தொட்டுவைத்தார். எதிர்மறைப் படத்தில், கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மனத்தில் மாற்றிக்கொண்டே வரைவது லேசான காரியமில்லை. ஓவியரை ஒதுக்கிவிட்டு வந்த கேமராவுக்குள், ஓவியரின் தூரிகை இப்படித் திரும்பவும் நுழைந்தது.

இது பொய்யா? பலர் ஆமென்று சொல்வார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. அவர் மேகம் போட்ட படத்தை வைத்துக்கொண்டு அன்றைய வானிலையை யாரும் ஆராய முடியாது. ஆனால் அவர் எங்கே கை வைத்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் வானத்திலும் மர இலையிலும். எதைப் பதிவு செய்ய அனுப்பப்பட்டாரோ அந்தக் கல்லை கேமராவிடம் விட்டுவிட்டார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற கோடு அவர் மனத்தில் இருந்தது. பர்மா படங்களின் குறையை முன்வந்து சொன்னவரும் இவர்தான். நம் வண்ணப் புத்தகத்திலோ வானம் மட்டும் கற்பனையாக இருந்துவிட்டால் பரவாயில்லை. பாதையின் அகலமே கற்பனையாக இருப்பதுதான் சிக்கல்.

தூரிகை தொடாமலே விட்டுப்போனவை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ட்ரைப்பின் படங்களில் உண்மை குறைபடுவது மேகத்தால் அல்ல, இல்லாமல் போனவற்றால்.

அவருடைய கோயில் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மனித நடமாட்டமே இருக்காது. பார்ப்பவர்களுக்குப் பாழடைந்து கிடந்த கோயில் என்று தோன்றும். நடக்கிறவர்களை அந்த கேமராவால் பிடிக்க முடியாது. நிமிடக் கணக்கில் ஒளி விழும்போது, குறுக்கே போனவர் சுவடில்லாமல் மறைந்துவிடுவார். அவர் நம் பக்கம் சுற்றிய மாதங்கள் சம்பா அறுவடையும் களத்துமேடும் பரபரக்கும் காலம். காவிரிக் கரையின் அந்தச் சந்தடி அவருடைய தொகுதியில் இடம்பெறவில்லை. அவர் தேடிப்போனது கட்டடங்களை.

வண்ணமும் கிடையாது. அதைவிடப் பெரிய இன்மை ஒன்று கோயிலுக்குள்ளேயே இருந்தது. ட்ரைப் வெளியே நின்று படம் எடுத்த அதே விமானத்துக்குள், கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. அது அவருக்கும் தெரியாது, நம் ஊர்க்காரர்களுக்கும் தெரியாது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வெளிச்சம் இருக்கும் இடத்தைத்தான் கேமரா காட்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆடம்பரச் செலவு

1858-இல் ட்ரைப் மெட்ராஸில் இன்னொரு வேலையையும் முடித்தார். வால்டர் எலியட் தோண்டி எடுத்த அமராவதிச் சிற்பங்கள் மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றை வரிசையாகப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே அந்தச் சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின.

அதே 1859-இல் சார்லஸ் டிரெவெல்யன் மெட்ராஸ் கவர்னராக வந்தார். கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. எங்கே வெட்டலாம் என்று பார்த்தவர் கண்ணில் புகைப்படப் பிரிவு பட்டது. இது அரசுக்குத் தேவையில்லாத ஆடம்பரம் என்று முடிவு செய்து நிறுத்தச் சொன்னார். செலவு குறையும் என்று கொண்டுவந்த கேமரா, செலவு அதிகம் என்று அனுப்பப்பட்டது. 1860-க்குள் எல்லாம் முடிந்தது. அப்போது ட்ரைப்புக்கு 38 வயது.

படைக்குத் திரும்பினார். படிப்படியாக உயர்ந்து, மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவியுடன் 1870-களில் ஓய்வு பெற்றார். புகைப்படத்தில் அதுபோன்ற பெரும்பணி எதையும் அவர் மறுபடி தொடவில்லை. 1902 மார்ச் 2-ஆம் தேதி, பிறந்த டெவன்போர்ட்டிலேயே இறந்தார். ஏறத்தாழ ஆறே ஆண்டு உழைப்புதான் அவர் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது. 2014, 2015-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்டவை இன்று ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் ஆவணங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ட்ரைப்பின் தஞ்சைப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். அடுத்தமுறை பெரிய கோயிலுக்குப் போகும்போது, கைபேசியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று ஒப்பிடுங்கள். எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

வீட்டில் விசேஷம், ஊரில் திருவிழா, மழைக்குப் பின் நிறைந்து ஓடும் புது ஆறு என்று நாம் எடுக்கும் படங்களுக்கும் ஒரு நாள் இந்த மதிப்பு வரும். அழகுபடுத்துங்கள், தவறில்லை. ஆனால் கை வைக்காத படம் ஒன்றையும் கூடவே சேமித்து, தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கப்போகிற பேரனுக்கு, வானம் எந்த நிறத்தில் இருந்தது என்பதைவிட, வாசலில் நின்றது யார், அந்த வேப்பமரம் எங்கே இருந்தது என்பதுதான் தெரிய வேண்டியிருக்கும்.